மஞ்சள் வயர், சிவப்பு வயர்: கார் ஸ்டீரியோவின் தொண்ணூறு வருஷத் தகராறு

கடையில் கொடுத்து காருக்கு "செட்" மாட்டி வந்தவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு புலம்பல் இருக்கும். மூணு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடும். சாவியைத் திருப்பி ஆஃப் செய்தால் கடிகாரம் பன்னிரண்டு மணிக்குப் போய்விடும், சேமித்து வைத்த ஸ்டேஷன் எல்லாம் காணாமல் போகும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "ஙொய்ய்ங்" என்று ஒரு சத்தம் கூடிக்கொண்டே வரும். பழைய செட்டில் கணீரென்று கேட்ட கோடை பண்பலை புது செட்டில் கரகரக்கும். கடைக்காரருக்குத் தொழில் தெரியவில்லை என்று சொல்லி நாமும் விஷயத்தை முடித்துவிடுவோம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இது ஒரு கடைக்காரரோடு முடிகிற விஷயம் இல்லை என்று தெரிகிறது. காரைச் செய்கிறவர் ஒருத்தர், செட்டைச் செய்கிறவர் இன்னொருத்தர், இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர் மூன்றாவது ஆள். இந்த மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசியதே கிடையாது. இந்த ஏற்பாடு 1930-லேயே ஆரம்பித்துவிட்டது.

பாட்டு கேட்கிற பெட்டிக்கு வரலாறு எல்லாம் தேவையா என்று கேட்பீர்கள். நான் எம்.புதுப்பட்டிக்காரன். (எங்கள் மாவட்டத்தில் வெறும் புதுப்பட்டி என்று சொன்னால் போதாது, முன்னால் எழுத்து வேண்டும். வ.புதுப்பட்டி வேறு ஊர்!) சிவகாசியைச் சுற்றி இருக்கிற எங்களுக்குத் தீப்பொறி என்றால் என்ன என்று யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் படித்துவிட்டு வந்து 1923-ல் இங்கே ஆரம்பித்ததிலிருந்து இந்த மண்ணின் பிழைப்பே பொறியோடுதான். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் மின்விளக்கு இருக்காது, பகல் வெளிச்சத்தில்தான் வேலை. அப்படிப்பட்ட ஊரில், அத்தனை கவனமாக வேலை பார்த்துவிட்டு வெளியே வருகிற மனுஷன், முறுக்கி டேப் சுற்றிய பத்து ஜாயிண்டை டேஷ்போர்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கார் ஓட்டுகிறார். அது எனக்கு ரொம்ப நாளாக ஆச்சரியம்.

சரி, கதைக்கு வருவோம்.

1928-ல் சிகாகோவில் பால் கால்வினும் அவர் தம்பி ஜோசப்பும் ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தார்கள். வீட்டு ரேடியோவைப் பேட்டரி இல்லாமல் கரண்டில் ஓட வைக்கிற "பேட்டரி எலிமினேட்டர்" என்ற சாமானைச் செய்து விற்றார்கள். சீக்கிரமே கரண்டில் நேரடியாக ஓடுகிற ரேடியோக்கள் வந்துவிட, அந்தப் பிழைப்பு போனது. அடுத்து என்ன என்று யோசித்தபோதுதான் கார் ரேடியோ. வில்லியம் லியர் (பின்னால் லியர்ஜெட் விமானம் செய்தாரே, அவரேதான்), எல்மர் வேவரிங் போன்றவர்கள் சேர்ந்து உழைத்து, 1930-ல் ஒரு ரேடியோவைத் தயார் செய்தார்கள். அந்த ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரில் அதை மாட்டி ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே கடை போடக் காசில்லை. காரை வெளியே நிறுத்தி சத்தமாகப் பாட விட்டார். ஆர்டர் கிடைத்தது. மோட்டார் என்பதையும் அந்தக் கால கிராமஃபோன் பெயர்களில் வருகிற "ஓலா" என்ற வாலையும் ஒட்டி வைத்த பெயர்தான் மோட்டோரோலா. கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்தது 1947-ல்.

இதில் ஒரு செவிவழிக் கதை உண்டு. கடன் கேட்டுப் போன கால்வின், வங்கிக்காரரைக் குளிர்விக்க அவருடைய காரில் ஒரு ரேடியோ மாட்டிக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்ததாம். கடன் கிடைக்கவில்லையாம். உண்மையோ இல்லையோ, "கடையில் கொடுத்து மாட்டிய செட்" என்ற இனத்தின் முதல் புகார் இதுதான் :-)

அந்த நாளில் இவர்களுக்குப் பெரிய தலைவலி தீயைவிட சத்தம். பெட்ரோல் இன்ஜின் ஓடுவதே தீப்பொறியால். இக்னிஷன் காயில் பேட்டரியின் சில வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. மார்க்கோனி காலத்துக் கம்பியில்லாத் தந்தியும் பொறியை வைத்துத்தான் அலை அனுப்பியது. ஆக, ஒவ்வொரு காரும் தனக்குத் தெரியாமலே ஒரு ஒலிபரப்பு நிலையம். அதன் பக்கத்திலேயே ரேடியோவை வைத்துவிட்டு, பாட்டு மட்டும் கேட்க வேண்டும் என்றால்? பிளக் வயரில் ரெசிஸ்டர், டைனமோவில் கண்டென்சர், பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவே நல்ல எர்த் என்று ஒவ்வொன்றாகப் போட்டு அடக்கினார்கள். ரேடியோவின் வால்வுகளுக்கு அதிக வோல்ட்டேஜ் வேண்டும் என்பதால் தனி பேட்டரிகளை வண்டியின் தரைக்கு அடியில் ஓட்டை போட்டு வைக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் கார் ஷோரூம்காரர் செய்யவில்லை. 1934 வாக்கில் குட்ரிச் டயர் கம்பெனியின் கடைகள் வழியாக மோட்டோரோலாவை விற்று, அங்கேயே மாட்டியும் கொடுத்தார்கள். டயர் மாற்றுகிற இடத்தில் ரேடியோ! நம்மூரில் சீட் கவர் தைக்கிற கடையிலேயே ஆம்ப்ளிஃபயரும் மாட்டுகிறார்கள் என்று சிரிக்கிறோம் அல்லவா, அது அமெரிக்காவில் ஆரம்பித்த வழக்கம்தான்.

ஐரோப்பாவில் 1932-ல் ஜெர்மனியின் ப்ளாபுங்க்ட் தன் முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. ஒரு சின்னப் பெட்டி அளவு இருக்கும், விலை 465 மார்க். அதைப் பற்றி நிறைய சொல்லலாம். நமக்கு வேண்டியது வயர் என்பதால் தாண்டிப் போகிறேன்.

அடுத்த குழப்பம் இங்கிலாந்திலிருந்து வந்தது. இன்றைக்குக் காரில் பாடி என்றால் நெகட்டிவ். எந்த எலக்ட்ரீஷியனும் யோசிக்காமல் கறுப்பு வயரைப் பாடியில் முறுக்குவார். ஆனால் 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பாடிதான் பாசிட்டிவ். பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றுக்கு இது ஒரு பொருட்டாக இல்லை. டிரான்சிஸ்டர் வந்ததும் கதை மாறியது. பிளஸ், மைனஸ் மாறினால் ஒரே நொடியில் செட் செத்துவிடும். அதனால் பல கார் ரேடியோக்களின் பின்னால் ஒரு குட்டி பிளக் வைத்தார்கள். அதைத் திருப்பிச் செருகினால் பாசிட்டிவ் எர்த் வண்டிக்கும் நெகட்டிவ் எர்த் வண்டிக்கும் பொருந்தும். திருப்ப மறந்தால் கோவிந்தா.

நம் நாட்டில் அப்போது கார் ரேடியோ பணக்காரர் சமாச்சாரம். ரேடியோ வைத்துக்கொள்ளவே தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம். 1980களின் நடுப்பகுதியில்தான் அந்த லைசென்ஸ் முழுசாக ஒழிந்தது. அம்பாசிடரும் ஃபியட்டும் பெரும்பாலும் வெறும் டேஷ்போர்டோடு வரும். ரேடியோ வேண்டும் என்பவர் வெளியே மாட்டிக்கொள்வார். தென்மாவட்டங்களில் மீடியம் வேவில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைதான் ராஜா. மீடியம் வேவ் என்றால் இன்ஜின் சத்தமும் கூடவே வரும். அந்தத் தலைமுறை எலக்ட்ரீஷியன்கள் கண்டென்சர் வைத்துச் சத்தத்தைக் கொல்வதில் கெட்டிக்காரர்கள். அப்புறம் கேசட் வந்தது. பிலிப்ஸ் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், இங்கே கார்களில் பரவலாக உட்கார 1980கள் ஆனது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பிறகு மத்தியதர வீடுகளுக்கும் கார் வந்தது, கூடவே "டேப் மாட்டுற" தொழிலும் வளர்ந்தது. சென்னை பர்மா பஜாரில் வெளிநாட்டு செட் வாங்கி, ஜி.பி. ரோட்டில் மாட்டிக்கொண்டு ஊர் திரும்புவது ஒரு சடங்கு போல இருந்தது. துபாயிலிருந்து வருகிற மாமாக்கள் பெட்டிக்குள் கொண்டுவந்தது தனிக் கணக்கு.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் வருகிறது. அந்தப் பழைய எலக்ட்ரீஷியன்களின் கை சுத்தமான கை. அவர்கள் படித்த பாடம்தான் ஒரு நாள் தப்பாகிப் போனது.

உதாரணம் ஸ்பீக்கர். பழைய செட்டில் ஸ்பீக்கரின் மைனஸ் வயரைப் பாடியில் கொடுத்தால் போதும். ஸ்பீக்கருக்கு ஒரே வயர், வயர் மிச்சம், சாமர்த்தியமான வேலை. பிறகு வந்த செட்களில் "பிரிட்ஜ்" முறை ஆம்ப்ளிஃபயர் ஐ.சி.க்கள் வந்தன. 12 வோல்ட் பேட்டரியில் அதிகச் சத்தம் எடுப்பதற்காக ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஐ.சி.யே ஓட்டுகிறது. இரண்டு வயரிலும் பேட்டரியில் பாதி வோல்ட் நிற்கும். அதில் ஒன்றைப் பாடியில் கொடுத்தால் ஐ.சி. சூடேறி மூச்சை நிறுத்தும், அல்லது நிரந்தரமாகவே போய்விடும். இருபது வருஷம் சரியாகச் செய்த வேலை, ஒரே மாடல் மாற்றத்தில் தப்பு. யாரும் அவரிடம் வந்து சொல்லவில்லை. செட்டோடு வந்த இங்கிலீஷ் கையேடு கடைக் குப்பையில் கிடந்தது.

தரம் என்று ஒன்று வராமல் இல்லை. முதலில் ஓட்டைக்குத் தரம் வந்தது. ஜெர்மனியின் டின் அளவு: அகலம் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ. எந்தக் கம்பெனி செட்டும் எந்தக் காரிலும் நுழையும். ஆனால் பின்னால் இருக்கிற வயர்? அதற்கு 1990களில் ஐ.எஸ்.ஓ. 10487 என்ற கப்ளர் தரம் வந்தது. எட்டு முனை கொண்ட இரண்டு கப்ளர்கள், ஒன்று கரண்டுக்கு, ஒன்று ஸ்பீக்கருக்கு. வெளிக்கடை செட்களில் வயர் நிறமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆனது: மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த், நீலம் ஆன்டெனாவுக்கு. ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜப்பான் கம்பெனிகள் தங்கள் சொந்தக் கப்ளரையே வைத்துக்கொண்டன. மாருதி சுசூகியே சாலைகளை நிறைத்திருக்கிற நாட்டில் இது என்ன ஆகும் என்று யோசியுங்கள். வோக்ஸ்வாகனோ ஐ.எஸ்.ஓ. கப்ளரை எடுத்துக்கொண்டு, அதில் மஞ்சளும் சிவப்பும் வரவேண்டிய இரண்டு முனைகளை இடம் மாற்றி வைத்தது. கப்ளர் கச்சிதமாகப் பொருந்தும், செட் பாடும், சாவியை எடுத்தால் எல்லாம் மறந்துபோகும். கடைக்காரர் மேல் நாம் போடுகிற பழியில் பாதி இங்கே பிறந்தது.

கப்ளர் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வார்கள்? வண்டியின் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றுவார்கள். எங்கள் ஊர் வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டு எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரெண்டு கோடையில் டேப்பின் பசை உருகி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உள்ளே செம்பு வெறும் உடம்போடு நிற்கும்.

என் சித்தப்பா ஒரு பழைய கார் வாங்கினார். பக்கத்து டவுனில் ஒரு கடையில் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டினார். வேலையெல்லாம் பளபளவென்று இருந்தது, பில் கூடக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ரெண்டு மூணு நாள் வண்டி நின்றால் செல்ஃப் எடுக்காது. தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கடையில் பேட்டரி மேல் பழி போட, புது பேட்டரி வாங்கிப் போட்டார். மறுபடி அதே. கடைசியில் எங்கள் பக்கத்து வயசான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொண்டுபோனோம்.

"அண்ணாச்சி, பேட்டரி போன மாசந்தான் புதுசு போட்டேன்" என்றார் சித்தப்பா.

அவர் செட்டை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேட்டரிய ஏன் தம்பி திட்டுறீங்க? ராத்திரி பூரா செட்டு முழிச்சுக்கிட்டுல்ல கெடக்கு!"

மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நேராக பேட்டரி லைனில் கொடுத்திருந்தார்கள். ஸ்டேஷன் மறக்கிறது என்ற புகார் வராமல் இருக்க இது ஒரு குறுக்கு வழி. செட்டை பட்டனில் அணைக்க மறந்தால் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து விழித்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அரை ஆம்பியர் இழுத்தால்கூட 35 ஆம்பியர்-அவர் பேட்டரி 70 மணி நேரத்தில் காலி. அதாவது கிட்டத்தட்ட மூணு நாள்! இதைவிட மோசம், ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து வந்த தடித்த வயரில் ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் டிக்கியில் இருந்தது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை வயருக்குக் காவலே இல்லை. நடுவில் எங்காவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயருக்குள் தள்ளும், டிக்கியில் இருக்கிற ஃப்யூஸ் வேடிக்கை பார்க்கும். ஃப்யூஸ் எப்போதும் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அண்ணாச்சி அதை மாற்றினார், ஜாயிண்டுகளுக்கு ஈயம் வைத்தார், 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கோடை பண்பலை கரகரப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் இழுத்து நீட்டுகிற நீளக் கம்பி ஆன்டெனா. பிறகு கூரை மேல் குட்டை ஆன்டெனா வந்தபோது, அதற்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்தார்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டும். செட்டின் நீல வயரை அங்கே கொடுக்காமல் விட்டால் 100.5-ல் மலையிலிருந்து வருகிற ஒலி தேய்ந்துபோகும். செட்டின் குற்றமும் இல்லை, கொடைக்கானலின் குற்றமும் இல்லை.

வழிகாட்டிக் கருவிக்கு வருவோம். 1981-ல் ஹோண்டா ஒரு கருவி செய்தது. செயற்கைக்கோள் கிடையாது. வாயுவில் இயங்கும் கைரோவும் சக்கரத்தின் வேகமும் வைத்துக் கணக்குப் போட்டு, கண்ணாடித் தாள் வரைபடத்தின் பின்னால் புள்ளியை நகர்த்தியது. 1985-ல் அமெரிக்காவின் ஈடாக் வரைபடத்தைக் கேசட்டில் பதிந்து கொடுத்தது. காரிலேயே பதித்த ஜி.பி.எஸ். 1990-ல் மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோவில் வந்தது. 2000 மே மாதம் அமெரிக்கா தன் ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியதும் உலகம் முழுக்க இந்தக் கருவி பரவியது. நம் நாட்டில் 1995-ல் ஆரம்பித்த மேப்மைஇந்தியா 2000களின் பிற்பகுதியில் காருக்கான கருவிகளைக் கடைக்குக் கொண்டுவந்தது.

இந்த செட்களுக்கு நாலு வயர் போதாது. வேகம் எவ்வளவு என்று தெரிய ஒரு வயர், ரிவர்ஸ் கியர் தெரிய ஒன்று, ஹேண்ட்பிரேக் தெரிய ஒன்று. வேக வயரைத் தேடப் போய் வேறு வயரைக் குத்தினால் ஸ்பீடாமீட்டரே ஆடும். ஹேண்ட்பிரேக் வயர் எதற்கு என்றால், வண்டி நிற்கும்போது மட்டும் திரையில் படம் ஓட வேண்டும் என்பதற்கு. நம் கடைகளில் அதைக் கையோடு எர்த்தில் முறுக்கிவிடுவார்கள், ஓடும்போதும் படம் பார்க்கலாம் என்று. கேட்டு வாங்குகிறவர்கள் நாம்தான் என்பதால் இதில் கடைக்காரரை மட்டும் திட்ட மாட்டேன்.

அதற்குள் கார் வேறு எங்கேயோ போய்விட்டது. பாஷ் கம்பெனி 1986-ல் அறிவித்த கேன் முறையில், பல கருவிகள் இரண்டு முறுக்கிய வயர் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. 1991-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஆரம்பித்து மெதுவாக நம் கார்களுக்கும் வந்தது. இப்படிப்பட்ட சில வண்டிகளில் செட்டுக்குப் பின்னால் "சாவி போட்டால் வருகிற" சிவப்பு லைனே இருக்காது. சாவி போட்டாயிற்று என்ற செய்திதான் வரும். பல்பு வைத்த டெஸ்ட் லாம்பைக் கொண்டு வயர் தேடுகிற ஆள் இங்கே எதைக் குத்துவார்?

இன்னொன்று. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் புதுக் கார்களுக்கு ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். ஏர்பேக் வயருக்கும் கப்ளருக்கும் உலகம் முழுக்க வைத்த எச்சரிக்கை நிறம் மஞ்சள். செட்காரருக்கு மஞ்சள் என்றால் நிரந்தரக் கரண்ட், கார் கம்பெனிக்கு மஞ்சள் என்றால் தொடாதே. ஒரே டேஷ்போர்டுக்குள் ஒரே நிறத்துக்கு இரண்டு அர்த்தம். இதற்கு ஒரு பொது அறிவிப்புப் பலகையாவது கடைகளில் வைத்திருக்கலாம்.

2023 பிப்ரவரி 2 அன்று கேரளாவின் கண்ணூரில், மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கார் தீப்பிடித்து, நிறைமாதக் கர்ப்பிணியும் அவர் கணவரும் இறந்தார்கள். மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருந்தது. மோட்டார் வாகனத் துறையின் முதல் பார்வை ஷார்ட் சர்க்யூட் என்றது. காரில் இருந்த திரவம் பற்றி வேறு சந்தேகங்களும் பிறகு எழுந்தன. ஆகவே அதை எந்த ஸ்டீரியோ கடை மேலும் எழுதுவது நியாயமில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் கூடுதலாக மாட்டுகிற செட், கேமரா, லைட் வயர்களைப் பற்றி மலையாள ஊடகங்கள் மாதக்கணக்கில் பேசின. கேரள அரசு வாகனத் தீ பற்றி ஆராய ஒரு குழுவும் அமைத்தது. மலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பேச்சு அவ்வளவாக வரவில்லை.

பேச்சு வராவிட்டாலும் இன்சூரன்ஸ் காகிதத்தில் விஷயம் ரொம்ப நாளாகவே இருக்கிறது. 2002-ன் இந்திய மோட்டார் டாரிஃபில் ஐ.எம்.டி. 24 என்று ஒரு பிரிவு. கம்பெனி விலையில் சேராமல் வெளியே மாட்டிய மின்சாதனங்களைத் தனியாக மதிப்புச் சொல்லி, அந்த மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்குக் காப்பீடு. 20,000 ரூபாய் செட்டுக்கு 800 ரூபாய். சித்தப்பாவின் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று அச்சடித்திருந்தது.